அறுப்பின் பண்டிகையில் நான் கொடுத்தது

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு ஊரில் இருக்கிற வைத்தியம் எல்லாம் தெரிந்துவிடும் ஐயா. திருமலைக்குப் போகிற ஜனம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் முதலில் பேசுவது முழங்கால் வலியைப் பற்றித்தான். மூட்டுக்கு எந்த ஊரில் எண்ணெய் தடவுகிறார்கள், சர்க்கரைக்கு எந்தக் கொட்டையை இடித்துக் குடிக்கலாம், மஞ்சள் காமாலைக்கு யார் பச்சிலை கொடுக்கிறார்கள், எல்லாம் பின் சீட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கும். நான் அதிகம் பேசமாட்டேன், கேட்டு வைத்துக்கொள்வேன். சித்தூர் திருப்பதி ரோட்டில் இத்தனை வருஷம் ஓட்டியவனைக் கேட்டால் எந்த டாக்டரிடமும் கிடைக்காத விலாசமெல்லாம் கிடைக்கும்.

நீங்கள் நம் சபைக்குப் போதகராக மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. இந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில் ஏலம் விட என்னைத்தான் எல்லோரும் சொன்னார்கள் என்கிறீர்கள். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் தவறிப்போன சாம்ராஜைப் பற்றியும் அன்றைக்கு நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்கிறீர்கள். சிநேகிதனுக்காகத் தன் கிட்னியையே கொடுக்கத் துணிந்த மனுஷன் என்று யாரோ உங்களிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பொய் இல்லை, துணிந்தேன். என் மனைவி லோயிஸ் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டதைக் கவனித்திருப்பீர்கள். இந்தப் பேச்சு எடுத்தால் அவள் இங்கே நிற்கமாட்டாள். நீங்கள் குடியுங்கள். நான் முதலிலிருந்து சொல்கிறேன், பேசலாமா வேண்டாமா என்று பிறகு நீங்களே சொல்லுங்கள்.

சாமும் நானும் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்தவர்கள். அவன் மாம்பழக் கூழ் கம்பெனியில் வேலை பார்த்தான். சீசனில் வருகிற கூழில் இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று சோதித்துச் சொல்கிற வேலை. மெஷின் காட்டுவதற்கு முன்னால் அவன் நாக்கு சொல்லிவிடும். நான் வண்டி பழகி முதல் தடவை திருமலை மலைப்பாதையில் ஏறியபோது முதல் வளைவிலேயே வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். சாம் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வளைவுக்கு வளைவு ஒரு பாட்டை எடுத்துவிட்டான், சத்தமாக, சுதியே இல்லாமல். சிரித்துச் சிரித்துப் பயம் போய்விட்டது. அவன் கடைசிவரை வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. நீ இருக்கும்போது எனக்கு எதற்கு என்பான்.

அவனுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. மாத்திரை போடுவான், பிறகு விட்டுவிடுவான். கால் வீங்க ஆரம்பித்த பிறகுதான் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், என் வண்டியில்தான். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்றார் டாக்டர். மருந்து மாத்திரையில் கொஞ்ச காலம் தள்ளலாம், பிறகு டயாலிசிஸ் என்றார். அந்த நிலைமை வருவதற்கு முன்னாலேயே யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் ரொம்ப நல்லது என்றும் சொன்னார். சாமின் மனைவி எப்சிபா அங்கேயே தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி, எடுக்கமாட்டோம் என்றார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், வாழைப்பழம், இளநீர், மாம்பழம் எதையும் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மாம்பழம் என்றதும் சாம் என்னைப் பார்த்துச் சிரித்தான். இனிமேல் ருசி பார்த்துவிட்டுத் துப்ப வேண்டியதுதான் என்றான்.

அதற்கு அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை. நம் சபையில் அது எப்படி நடக்கும் என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. நிலம் உள்ளவன் விளைந்ததைக் கொண்டுவருவான், மாடு உள்ளவன் பால் கொண்டுவருவான், பெண்கள் பலகாரம் செய்து கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய்க்கு நாலு பேர் போட்டி போடுவார்கள், சிரிப்பும் கிண்டலுமாக இருக்கும். கார் ஓட்டுகிறவன் எதைக் கொண்டுபோவது? நான் எப்போதும் கவரில் காணிக்கை போட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். அந்த வருஷம் ஏலம் விட்டவர் ரிட்டயர்டு வாத்தியார் பாபு சார். ஒரு சேவலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைக்கில் என் பேரைச் சொன்னார்.

"ஞானசிங்கு இந்த வருசமும் வெறுங்கையோடதான் வந்துகிறாரு. ஒரு டயராவது கழட்டிக் குடு ஞானம், ஏலம் உட்டுடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சும்மா தமாஷுக்குச் சொன்னதுதான். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு என்னவோ சுருக்கென்று தைத்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த அலுப்போ என்னவோ. நான் எழுந்து நின்றேன்.

"டயரு இன்னாத்துக்கு சார். என்னண்ட ரெண்டு கிட்னி கீது. ஒண்ண சாமுக்குக் குடுக்கறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. சேவல் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பிறகு அப்போதிருந்த போதகரம்மா அழுதார்கள். பெண்கள் பக்கம் முழுக்க அழுதது. போதகர் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். பாபு சார் மைக்கிலேயே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். சாம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தான், சந்தோஷத்தில் அழுகிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். என் வாழ்நாளில் அப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை ஐயா. அதை அனுபவித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் சபைக் கமிட்டித் தேர்தலில் எனக்குத்தான் அதிக ஓட்டு.

பரிசோதனைக்குப் போனேன். போகமாட்டேன் என்று சொல்ல முடியாது, ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. ரத்தம் ஒத்துப்போனது, மற்றதும் ஒத்துப்போனது. சொந்தக்காரன் இல்லை என்பதால் கவர்ன்மென்ட் கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும், அது கொஞ்சம் இழுக்கும், ஆனால் கிடைக்கும் என்றார்கள். அங்கே அம்சவேணி என்று ஒரு அம்மா இருந்தார்கள். கிட்னி கொடுக்கிறவர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவது அவர்கள் வேலை. அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவர்கள், நம் தமிழிலேயே பேசினார்கள். சாமையும் எப்சிபாவையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"உங்களுக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடுங்க. ஒத்துவரலன்னு டாக்டரே சொல்லிடுவாரு, ஏன்னு வெளிய யாருக்கும் தெரியாது. நெறைய பேரு அப்படிச் சொல்லிக்கினு போறாங்க. அதுல தப்பே இல்ல."

இவ்வளவு சுலபமாக ஒரு வாசலை அவர்கள் திறந்து வைத்தார்கள். ஒரு தலையசைப்புப் போதும். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், பாவம், கொடுக்கத்தான் பார்த்தான், பொருந்தவில்லை என்று பேசிவிட்டு, வேறு ஆளைத் தேடியிருப்பார்கள். எனக்குப் பதிலாக இன்னொருவர் சபையில் எழுந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். இஷ்டம்தான் மேடம், கொஞ்சம் டைம் மட்டும் கொடுங்கள் என்றேன். வெளியே வந்து சாமிடமும் எப்சிபாவிடமும் கமிட்டி அனுமதி தாமதமாகும் என்று சொன்னேன். அது உண்மைதானே.

எதற்குப் பயந்தாய் என்று கேட்பீர்கள். கத்திக்குப் பயமில்லை. மயக்க மருந்து கொடுத்துக் கண்ணை மூடச் சொல்வார்கள் இல்லையா, அதற்குத்தான். வேறு ஒருவன் ஓட்டுகிற வண்டியில் எனக்குத் தூக்கம் வராது. பஸ்ஸில் போனாலும் டிரைவருடைய காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை ஒரு மேஜையில் படுக்கவைத்து, எனக்குத் தெரியாமல் என்னை ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தாலே எழுந்து ஓடிவிடத் தோன்றியது. இது சின்ன விஷயம் என்று எனக்கும் தெரியும். சாமிடம் சொல்லியிருந்தால் அவன் ஒரு பாட்டை எடுத்துவிட்டிருப்பான்.

அதனால்தான் வைத்தியம் தேட ஆரம்பித்தேன். யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அவன் குணமாகிவிட்டால் அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, அவ்வளவுதான் என் கணக்கு. காதில் விழுந்த விலாசங்களுக்கெல்லாம் போனேன். சவாரியை விட்டுவிட்டுப் போனேன். ஏர்பேடு பக்கம் ஒரு அம்மா சாமின் வயிற்றில் இலையை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். அதில் தோல் வெந்ததுதான் மிச்சம். அப்புறம் சேலத்துக்காரர் ஒருவர் பின் சீட்டிலிருந்து புத்தலப்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் கன்னையா என்ற வைத்தியரைப் பற்றிச் சொன்னார். கிட்னிக்கு அவர் மருந்துதான் மருந்து என்றார்.

சாம் வண்டியிலேயே சாய்ந்து படுத்திருந்தான், நான் மட்டும் இறங்கிப் போனேன். கன்னையா வயசானவர், தெலுங்குதான் பேசுவார். நான் எல்லாவற்றையும் தெலுங்கில் விளக்கிச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, கல் என்றால் கரைத்து வெளியேற்றுவேன், சுருங்கிப்போன கிட்னிக்கு என்னிடம் ஒன்றும் கிடையாது, ஆஸ்பத்திரியை விடாதே என்றார். கறாரான மனுஷன். நான் வண்டிக்குத் திரும்ப நடந்தேன். பாதி வழியில் நின்றேன். சாம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவும் கன்னையாவிடம் போய், என் மச்சான் ஒருத்தனுக்குக் கல் இருக்கிறது, அவனுக்காவது மருந்து கொடுங்கள் என்றேன். வாழைத்தண்டுச் சாற்றில் என்னென்னவோ வேர்களை அரைத்துக் கலந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். எனக்கு மச்சானே கிடையாது.

"இன்னா சொன்னாரு?" என்றான் சாம்.

"சரியாயிடும்னாரு. வாரா வாரம் வந்து வாங்கிக்கினு போவச் சொன்னாரு."

ஆஸ்பத்திரியில் வாழைப்பழம் கூடாது என்றுதான் சொன்னார்கள், தண்டு பழம் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாரம் தவறாமல் போய் வாங்கி வந்தேன். வெறும் வயிற்றில் என் எதிரேயே அவனைக் குடிக்கச் சொல்வேன். வேப்பங்காயைக் கடித்தது போல முகம் கோணும். உலகத்தில் எவ்வளவோ ருசி கண்ட நாக்கு. குடித்துவிட்டு, இன்றைக்குக் கொஞ்சம் தேவலாம்டா என்பான். எனக்கு அப்படியே மனம் குளிர்ந்துபோகும். சபையில் கேட்டவர்களிடம் நாட்டு மருந்தில் நல்ல முன்னேற்றம் என்று சொன்னேன். சிலர், ஆபரேஷன் என்னவாயிற்று, உன் மனைவி ஒத்துக்கொள்ளவில்லையா என்று ஜாடையாகக் கேட்டார்கள். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை, சிரித்து வைத்தேன். ஆனால் லோயிஸ் ஆஸ்பத்திரியில் தன் சம்மதத்தை எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டிருந்தாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஏனென்று அவளுக்கு வெகு நாள் புரியவில்லை. புரிந்த நாளிலிருந்து அவள் என் வண்டியில் பின் சீட்டில்தான் உட்காருகிறாள்.

மாம்பழ சீசனில் ஸ்வீட்டி வந்தாள். சாமின் ஒரே தங்கை. புருஷனும் அவளும் ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிறார்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள். அண்ணன் வீட்டுக்குப் போகாமல் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். யாருக்கும் சொல்லாமல் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறாள். அவள் ரத்தமும் சாமுடையதும் ஒன்று. கூடப் பிறந்தவள் என்பதால் கமிட்டி அது இது என்று அதிக இழுபறி கிடையாது, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

"உங்களுக்குத்தான் லேட் ஆவுதேண்ணா. நான் குடுத்துடறேன். எங்க ஊட்டுக்காரரும் சரின்னுட்டாரு. நீங்க வருத்தப்படுவீங்களேன்னு மொதல்ல உங்களாண்ட வந்தேன்."

நன்றாக யோசித்துப் பாருங்கள் ஐயா. அவள் வாயால் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் எல்லாமே முடிந்திருக்கும். நான் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அப்படிச் சொன்னால் அடுத்த அறுப்பின் பண்டிகையில் ஸ்வீட்டி எழுந்து நிற்பாள், நான் சேவல் ஏலத்தில் நிற்பேன். நான் அவள் தலையில் கை வைத்தேன். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீ படுத்துவிடக்கூடாது, அண்ணன் நான் எதற்கு இருக்கிறேன், அனுமதி வருகிற நேரம், இப்போது ஆளை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னேன். அனுமதி கேட்டு நான் மனுவே போடவில்லை. அவள் அழுதுகொண்டே என் காலைத் தொட்டாள், கூடப் பிறக்காத அண்ணன் என்றாள். இந்த விஷயம் சாமுக்குத் தெரிய வேண்டாம், சங்கடப்படுவான் என்று சொல்லி நானே அவளைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன்.

மழைக்காலத்தில் சாமின் உடம்பு எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. முகம் ஊதிவிட்டது. உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்து சொறிந்து கையெல்லாம் புண். எதைத் தின்றாலும் இரும்பை நக்குவது போல இருக்கிறது என்றான். கம்பெனியில் அவனை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸை உடனே தொடங்க வேண்டும் என்றார்கள். அடுத்த பண்டிகையும் வந்தது. சபையில் எல்லோர் கண்ணும் என் மேல் இருந்தது, வருஷம் ஒன்று ஆயிற்றே என்று வாய்விட்டுக் கேட்கவும் ஆரம்பித்தார்கள்.

அந்தப் பண்டிகையில், ஏலம் ஆரம்பிப்பதற்கு முன்னால், கடவுள் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்கிற நேரத்தில் சாம் எழுந்து நின்றான். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், புண் தெரியவில்லை. தனக்குக் கடவுள் பூரண சுகம் கொடுத்துவிட்டார் என்றான். நாட்டு மருந்தைக் கருவியாகப் பயன்படுத்தினார், கிட்னி இரண்டும் நல்லபடி வேலை செய்கின்றன, இனி யாரும் தனக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்றான். "என் ஃபிரண்டு ஞானசிங்கு குடுக்க ரெடியாத்தான் இருந்தான். கடவுள் அவன வேணாம்னு சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஸ்வீட்டி பிள்ளைகளோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள், குழந்தை மாதிரி கைதட்டினாள். சபையே எழுந்தது. நான் எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விடச் சத்தமாக, ஆமென் என்றேன்.

சாட்சி சொன்னால் சொன்னதுதான், உங்களுக்குத் தெரியாததா. சுகமானேன் என்று சொன்ன வாயோடு டயாலிசிஸ் மெஷினில் போய்ப் படுக்க முடியுமா? சித்தூரிலும் திருப்பதியிலும் எந்த ஆஸ்பத்திரியில் நுழைந்தாலும் நர்ஸ்களில் ஒருத்தியாவது நம் சபைப் பெண்ணாக இருப்பாள். வேலூருக்குப் போனால் இன்னும் மோசம், அது மிஷன் ஆஸ்பத்திரி. எப்சிபா கெஞ்சிப் பார்த்தாள், சாம் கேட்கவில்லை. சபைக்கு முன்னால் சொன்னதைப் பொய்யாக்கச் சொல்கிறாயா என்றான். சென்னைக்குக் கொண்டுபோயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு வழி தெரியும். நான் சொல்லவில்லை.

டிசம்பரில் ஒரு மத்தியானம் எப்சிபா என்னைக் கூப்பிட்டாள். சாமுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முன் சீட்டைச் சாய்த்துப் படுக்கவைத்தேன், எப்சிபா பின்னால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். திருப்பதி ரோட்டில் போனோம். புத்தலப்பட்டைத் தாண்டும்போது அவன் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தான். பிறகு என் கை மேல் கையை வைத்தான், கியர் போடுகிற கை மேல்.

"மெதுவாவே போடா ஞானம். அவசரமில்ல."

நான் மெதுவாகவே போனேன். சந்திரகிரிக்கு முன்னால் அவன் கை என் கையிலிருந்து நழுவியது. எப்சிபா பின்னாலிருந்து ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தாள், அவளுக்குத் தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், வாசலில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்ட பிறகுதான் சொன்னேன். இதயம் நின்றுபோய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதனால் சபையில் எல்லோரும் கிட்னி குணமாகி மாரடைப்பில் போனான் என்றே இன்றைக்கும் நம்புகிறார்கள். அடக்கத்துக்கு வந்த ஸ்வீட்டி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். எப்சிபா மட்டும் அதற்குப் பிறகு தமிழ் ஆராதனைக்கு வருவதை விட்டுவிட்டாள். நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தெலுங்கு ஆராதனைக்கு வருகிறாள். கேட்டில் என்னைப் பார்த்தால் முக்காட்டை இழுத்துக்கொள்கிறாள்.

அவன் இல்லாமல் எனக்கு நாள் போகவில்லை ஐயா. மலைப்பாதையில் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் முன் சீட்டைத் திரும்பிப் பார்க்கிறேன். பிரயாணிகள் முன்னால் உட்காருகிறேன் என்றால், சீட்டு ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன். இப்போதும் பின் சீட்டிலிருந்து யாராவது கிட்னிக்கு ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று சொன்னால் காது அந்தப் பக்கம் போகிறது. யாருக்காகக் கேட்கிறேன் என்று பிறகுதான் நினைவு வருகிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்தச் சாட்சி. அது அவனாக எழுந்து சொன்னதில்லை. பண்டிகைக்கு முந்தின வாரம் சாமையும் கூட்டிப்போய் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ரோட்டோரம் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். சபையில் என்னைக் கேள்வி கேட்டுக் குடைகிறார்கள் என்றேன். குணமாகிவிட்டது என்று நீயே எழுந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லார் வாயும் அடங்கும், நமக்கும் மருந்து வேலை செய்ய அவகாசம் கிடைக்கும் என்றேன். அவன் மடியில் கன்னையாவின் பாட்டில் இருந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது கல்லுக்குக் குடுக்கற மருந்துன்னு எனக்குத் தெரியும்டா. எங்க கம்பெனில ஒருத்தன் கல்லுக்குன்னு இதையேதான் குடிச்சிக்கினு இருந்தான். வாசனையே சொல்லிடுச்சி."

அப்புறம் ஏன்டா குடித்தாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணே ஒண்ணு நெசமா சொல்லு. அன்னிக்கி நீ எந்திரிச்சி சொன்னியே, சொல்லும்போது குடுக்கணும்னுதான் நெனச்சியா?"

"நெனச்சேன்டா" என்றேன்.

"அது போதும். நான் சொல்லிடறேன்."

பிறகு அவன் பாட்டிலைத் திறந்து, நான் சொல்லாமலே, அந்த வாரத்துக்கானதில் ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தான். நான் வண்டியை எடுத்தேன். அவனை எழுந்து நிற்கச் சொன்னதும் நான், ஸ்வீட்டியைத் திருப்பி அனுப்பியதும் நான், அந்த அம்மா திறந்துவைத்த கதவைச் சாத்தியதும் நான். சாமைக் கொன்றது வியாதி இல்லை. இதை ஒளிக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை, நீங்கள் ஸ்வீட்டியிடம் சொன்னாலும் சரி.

உங்கள் காப்பி ஆறிவிட்டது. லோயிஸிடம் சூடு பண்ணித் தரச் சொல்கிறேன். பண்டிகையில் என்னைப் பேசவிடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம். பேசச் சொன்னால் அவனைப் பற்றி நல்லதாகத்தான் பேசுவேன், அவனைப் பற்றிப் பேச என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள். எனக்கு இருக்கிற மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான். என் எதிரே உட்கார்ந்து, உன் கிட்னியைக் கொடுடா என்று அவன் ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருப்பேன் ஐயா. கடைசிவரைக்கும் அவன் கேட்கவே இல்லை.